பயிருக்கு ஏற்றபடி அறுவடை இயந்திரத்தைச் சீர்செய்யும் முறை

நாஞ்சில் நாட்டில் நெல் ஆண்டுக்கு இரு முறை அறுவடையாகிறது. புரட்டாசியை ஒட்டி அறுப்புக்கு வருவது கன்னிப்பூ. மாசியை ஒட்டி வருவது கும்பப்பூ. கொல்லம் ஆண்டின் கன்னி, கும்ப மாதங்களே இந்தப் பெயர்களுக்குக் காரணம். கதிரை அரிவாளால் அறுத்து, கட்டாகக் கட்டி, களத்தில் சூடடித்து, சுளகால் தூற்றிப் பொலி கூட்டிய காலம் பெரும்பாலும் மாறிவிட்டது. அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்களின் ஏலாக்களில் இன்று அறுவடை இயந்திரம் இறங்குகிறது. அறுத்தல், அடித்தல், தூற்றுதல் ஆகிய மூன்றையும் அது ஒரே ஓட்டத்தில் முடித்துவிடுகிறது.

களத்தில் சூடடித்தபோது குறை கண்ணுக்குத் தெரிந்தது. மணி உதிராத கற்றையை மீண்டும் ஓங்கி அடித்தார்கள். பதரோடு மணியும் பறந்தால் தூற்றுபவர் கையைத் தாழ்த்திக் கொண்டார். இயந்திரத்திலோ எல்லாம் தகரத்துக்குள் நடக்கிறது. உள்ளே மணி உடைவதும், வைக்கோலோடு நெல் வெளியே போவதும் வரப்பில் நிற்கும் விவசாயிக்குத் தெரிவதில்லை.

ஏக்கருக்கு 2,500 கிலோ விளைந்திருக்கிறது எனக் கொள்வோம். அதில் 100க்கு 3 பங்கு வைக்கோலோடு போனால் 75 கிலோ, அதாவது ஒரு பெரிய மூட்டை நெல், வயலிலேயே தங்கிவிடுகிறது. இயந்திரத்தை நிறுத்திச் சீர்செய்ய 10 நிமிடம் பிடிக்கும். அது ஒரு மணி நேர வாடகையில் ஆறில் ஒரு பங்குதான். வாடகை ஓடுகிறதே என்று அஞ்சி இந்த 10 நிமிடத்தை விட்டுவிடும் சிறு விவசாயி, அதைவிட அதிகமாகவே இழக்க நேரிடுகிறது.

இயந்திரத்தின் உள்ளே நடப்பது

அறுத்த கதிர் முதலில் டிரம் எனப்படும் உருளைக்குப் போகிறது. டிரம்முக்கு அடியில் தொட்டில் போல் வளைந்த கம்பிச் சல்லடை ஒன்று உண்டு. இதை ஓட்டுநர்கள் கான்கேவ் என்பார்கள். சுழலும் டிரம்முக்கும் அசையாத கான்கேவுக்கும் நடுவே கதிர் அடிபட்டு மணி உதிர்கிறது. உதிர்ந்த மணி கம்பிகளின் இடைவெளி வழியாகக் கீழே ஆடும் சல்லடையில் விழுகிறது. அங்கே விசிறிக் காற்று பதரையும் தூசியையும் தள்ளிவிட, நல்ல மணி தொட்டிக்கு ஏறுகிறது. பாதி அடிபட்ட கதிர்த் துண்டுகளைத் தனிக் குழாய் ஒன்று மீண்டும் டிரம்முக்கே கொண்டு போகிறது.

ஆகவே விவசாயி கவனிக்க வேண்டியவை ஐந்து. அவை டிரம்மின் வேகம், டிரம்முக்கும் கான்கேவுக்கும் உள்ள இடைவெளி, சல்லடைத் திறப்பு, விசிறிக் காற்று, வண்டி முன்னே செல்லும் வேகம் என்பன. பயிர் மாறினாலும், பயிரின் ஈரம் மாறினாலும் இந்த ஐந்தையும் பார்த்துத் திருத்த வேண்டும்.

நெல்லுக்குப் பல் டிரம்

இந்த இயந்திரம் கோதுமை விளையும் நாடுகளில் பிறந்தது. 1780களில் ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ மெய்க்கிள் சுழலும் டிரம் கொண்ட கதிரடிக்கும் இயந்திரத்தை அமைத்தார். 1830களில் அமெரிக்காவின் மிச்சிகன் பகுதியில் ஹைரம் மூர் அறுப்பையும் அடிப்பையும் ஒன்றாக இணைத்தார். காய்ந்த கோதுமைத் தாளுக்கு வரிப்பட்டை பதித்த டிரம் போதும். அது கதிரைத் தேய்த்து மணியைப் பிரிக்கிறது.

நெல்லின் தாள் மணி முற்றிய பிறகும் பச்சையாகவும் ஈரமாகவும் இருக்கும். வரிப்பட்டை டிரம்மில் இது சுற்றிக்கொண்டு அடைத்துவிடுவது உண்டு. அதனால் நெல்லுக்கு இரும்புப் பற்கள் பதித்த டிரம் ஏற்றதாயிற்று. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1970களில் பல் டிரம்மின் நீளவாட்டில் தாள் சுழன்று நகரும் கதிரடிக்கும் இயந்திரத்தைப் பரப்பியது. இன்று நெல் வயலில் ஓடும் பெல்ட் வண்டிகள் பலவற்றில் தாள் இவ்வாறே நகர்கிறது. இவற்றில் தாள் நசுங்கித் துண்டாகும். வரிப்பட்டை டிரம்மும் வைக்கோல் உதறியும் உள்ள டயர் வண்டிகளில் வைக்கோல் ஓரளவு நீளமாகக் கிடைக்கும். மாட்டுக்கு வைக்கோல் வேண்டும் விவசாயிகள் வண்டி பேசும்போதே இதைக் கேட்டுக் கொள்வது நலம்.

வேகத்தைக் கணக்கிடுதல்

டிரம் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது மட்டும் போதாது. பல்லின் நுனி எவ்வளவு வேகத்தில் கதிரைத் தாக்குகிறது என்பதே முக்கியம். பெரிய டிரம் மெதுவாகச் சுற்றினாலும் அதன் நுனி வேகமாகவே ஓடும்.

கணக்கு எளிது. டிரம்மின் குறுக்களவை மீட்டரில் எடுத்து 3.14 ஆல் பெருக்க வேண்டும். அதை நிமிடச் சுற்றால் பெருக்கி 60 ஆல் வகுத்தால் நுனி வேகம் கிடைக்கும். குறுக்களவு 60 செ.மீ., சுற்று 450 என்றால் நுனி வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். நெல்லடிக்கும் பல் டிரம்முக்கு 12 முதல் 16 மீட்டர் வேகமும், பல் நுனிக்கும் கான்கேவுக்கும் சுமார் 25 மில்லிமீட்டர் இடைவெளியும் பொதுவான அளவு. அறுவடை வண்டிகள் சிலவற்றில் வேகம் இதற்கு மேலும் அமைந்திருக்கும். வரிப்பட்டை டிரம்முக்கு இன்னும் அதிக வேகமும் குறைந்த இடைவெளியும் தேவை. எந்த வண்டியானாலும் அதன் கையேட்டில் உள்ள அளவிலிருந்து தொடங்கி, வயலைப் பார்த்துச் சிறிது சிறிதாகத் திருத்த வேண்டும்.

கன்னிப்பூ அறுவடையில்

கன்னிப்பூ முற்றும் நாட்களில் மழையும் பனியும் இருக்கும். தாள் ஈரமாகவும், சில வயல்களில் சாய்ந்தும் கிடக்கும். ஈரத்தாளிலிருந்து மணி எளிதில் பிரியாது. இந்த நிலையில் டிரம் வேகத்தைச் சற்றுக் கூட்டலாம். இடைவெளியைச் சற்றுக் குறைக்கலாம். மிகவும் குறைத்தால் தாள் அடைத்து டிரம் நின்றுவிடும். வண்டியை மெதுவாக ஓட்டி, உள்ளே போகும் தாளின் அளவைக் குறைப்பதே முதல் வழி.

வைக்கோல் அவ்வளவாகத் தேவைப்படாத இடத்தில் கதிரைச் சற்று உயரமாக அறுக்கலாம். ஈரத்தாள் குறைவாக உள்ளே போவதால் டிரம் நன்றாக வேலை செய்யும். காலையில் பனி உலர்ந்த பிறகே வண்டியை இறக்க வேண்டும். ஈரப் பதர் கனமாக இருப்பதால் விசிறிக் காற்றைச் சற்றுக் கூட்ட வேண்டும். சல்லடையில் ஒட்டும் ஈரத்தூசியை அவ்வப்போது வண்டியை நிறுத்திச் சுரண்டி எடுக்க வேண்டும். சல்லடைத் துளை அடைத்தால் நல்ல நெல் அதன் மேலாகவே வழுக்கி வெளியே போய்விடும்.

அறுவடைக்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன் வயலில் தண்ணீரை வடித்துவிட வேண்டும். வடியாத பள்ள வயலுக்குப் பெல்ட் வண்டியே ஏற்றது.

கும்பப்பூ அறுவடையில்

கும்பப்பூ அறுவடை வெயில் காலத்தில் வருகிறது. தாளும் மணியும் வேகமாகக் காயும். கன்னிப்பூவுக்கு வைத்த வேகத்திலேயே அடித்தால் உமி உரிந்தும், மணி உடைந்தும் வரும். ஆகவே டிரம் வேகத்தைக் குறைத்து, இடைவெளியைச் சற்று அகட்ட வேண்டும். காய்ந்த தாள் பொடியாகிச் சல்லடையில் குவியும் என்பதால் தாள் டிரம்முக்குள் அதிக நேரம் சுழலாமல் பார்க்க வேண்டும். சில பெல்ட் வண்டிகளில் டிரம்மின் மேல்மூடிக்குள் சாய்வான தகடுகள் உண்டு. அவற்றின் சாய்வை மாற்றினால் தாள் விரைவாகவோ மெதுவாகவோ நகரும்.

கதிரில் 100க்கு 80 முதல் 85 மணிகள் வைக்கோல் நிறம் அடைந்து, மணியின் ஈரம் 20 முதல் 25 சதவீதமாக இருப்பதே அறுக்கும் பருவம். வண்டி கிடைக்கவில்லை என்று நாள் கடத்தினால் மணி வயலிலேயே உதிரும். பகலில் காய்ந்து இரவுப் பனியில் நனைவதால் மணிக்குள் வெடிப்பும் விழும். அப்படி வெடித்த நெல்லை எவ்வளவு மெதுவாக அடித்தாலும் அரிசி ஆலையில் குருணையே மிகும்.

ரகத்தையும் பார்க்க வேண்டும். 1986இல் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அம்பை 16 குட்டையான, பருத்த மணி கொண்டது. சன்ன ரகத்தின் மணி எளிதில் பறக்கும் என்பதால் அதற்குக் காற்றைக் குறைக்க வேண்டும். பருத்த மணி சற்று அதிகக் காற்றையும் தாங்கும்.

சேதத்தை எண்ணிப் பார்த்தல்

வயலின் ஓரத்தில் 2 அல்லது 3 சென்டு மட்டும் அறுத்ததும் வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டும். கம்பியாலோ குச்சியாலோ ஓர் அடிக்கு ஓர் அடி சதுரம் செய்து, மூன்று நான்கு இடங்களில் வைத்து உள்ளே கிடக்கும் மணிகளை எண்ண வேண்டும். ஆயிரம் மணி 25 கிராம் எடை எனக் கொண்டால், சதுர அடிக்குச் சராசரி 10 மணி கிடப்பது சென்டுக்கு 109 கிராம் சேதம். ஏக்கருக்கு இது ஏறத்தாழ 11 கிலோ.

முதலில் அறுக்காத பயிருக்குள் எண்ண வேண்டும். அது தானாக உதிர்ந்தது, வண்டியின் குறை அன்று. அடுத்து, வண்டியைச் சிறிது பின்னுக்கு எடுத்து, கத்திக்கு முன்னால் அறுத்த இடத்தில் எண்ண வேண்டும். அங்கே மணி அதிகம் கிடந்தால் கதிரை உள்ளே தள்ளும் சுழல் கை வேகமாகச் சுற்றிக் கதிரைத் தட்டுகிறது என்று பொருள். கடைசியாக வண்டிக்குப் பின்னால் விழுந்த வைக்கோலை உதறிவிட்டு எண்ண வேண்டும். வைக்கோல் ஒரே வரிசையாக விழுவதால் மணியும் அங்கே குவிந்திருக்கும். அறுக்கும் அகலம் 6 அடி, வைக்கோல் விழும் அகலம் 2 அடி என்றால், அங்கே எண்ணியதை 3 ஆல் வகுத்தே கணக்கிட வேண்டும்.

எதை முதலில் மாற்றுவது?

வைக்கோலில் மணி ஒட்டிய கதிர்கள் இருந்தால் டிரம் சரியாக அடிக்கவில்லை. முதலில் இடைவெளியைக் குறைத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் சரியாகாவிட்டால் வேகத்தைச் சிறிது கூட்ட வேண்டும்.

தொட்டியில் உடைந்த மணியும் உமி உரிந்த அரிசியும் தெரிந்தால் முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும். பிறகே இடைவெளியை அகட்ட வேண்டும். மணி உடைவதற்குப் பெரும்பாலும் வேகமே காரணம். திரும்பக் கொண்டு போகும் குழாயில் நல்ல மணியே அதிகம் வந்தாலும் அது இரண்டாம் முறை அடிபட்டு உடையும். அப்போது கீழ்ச் சல்லடையைச் சற்றுத் திறக்க வேண்டும்.

பதரோடு நல்ல மணி பறந்தால் காற்று அதிகம், அல்லது மேல் சல்லடை மூடியிருக்கிறது. தொட்டியில் பதரும் தாள் துண்டும் மிகுந்தால் காற்று போதவில்லை. அடிபட்ட தனி மணிகள் வைக்கோலுக்குள்ளேயே சிக்கி வெளியே போனால் வண்டியின் ஓட்டம் அதிகம் என்று கொள்ளலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

உளுந்து, பயறுக்கு மாற்றும்போது

கும்பப்பூ அறுத்த வயல்களில் உளுந்தும் பாசிப்பயறும் போடும் விவசாயிகள் உண்டு. நெல்லுக்கு வைத்த டிரம்மில் பயறை அடித்தால் பருப்பாகவே உடைந்து வரும். பயறு வகைகளுக்கு நுனி வேகம் வினாடிக்கு 7 முதல் 15 மீட்டர் வரை போதும். காய் எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு குறைவாக வைக்க வேண்டும். இடைவெளியையும் அகட்ட வேண்டும்.

வேகத்தைக் குறைக்க எஞ்சினின் ஆக்சிலேட்டரைக் குறைப்பது தவறு. அவ்வாறு செய்தால் விசிறியும் சல்லடையும் ஏற்றிகளும் சேர்ந்து தளர்ந்துவிடும். டயர் வண்டிகள் பலவற்றில் டிரம்முக்கு மட்டும் வேகம் மாற்றும் அமைப்பு உண்டு. அது இல்லாத வண்டியில் கப்பியை மாற்ற வேண்டும். டிரம்மின் கப்பி 30 செ.மீ. இருந்து 600 சுற்று சுற்றினால், அதை 45 செ.மீ. கப்பியாக மாற்றும்போது 400 சுற்றாகக் குறையும். பெல்ட்டின் நீளமும் அதற்கேற்ப மாறும்.

பல் டிரம்மில் ஒன்று விட்டு ஒரு பல்லைக் கழற்றியும் அடியைத் தணிக்கலாம். எதிரெதிர்ப் பற்களை இணையாகவே கழற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் டிரம் உதறித் தாங்கியை உடைத்துவிடும். பயறுச் செடி தரையோடு இருப்பதால் மண்ணும் உள்ளே வரும். ஏற்றியின் அடித்தகட்டுக்குப் பதில் துளையிட்ட தகடு போட்டால் மண் உதிர்ந்துவிடும்.

செடி நிமிர்ந்து வளர்ந்து, காய்கள் ஒரே சமயத்தில் முற்றியிருந்தால்தான் வண்டியால் பயறை நேராக அறுப்பது லாபம். படர்ந்த செடியில் அடிக்காய்கள் வயலிலேயே நின்றுவிடும். 20, 30 சென்டு போட்டவர்கள் கையால் அறுத்துக் காயவைத்து, சல்லடையும் கப்பியும் மாற்றக்கூடிய பல்பயிர் கதிரடிக்கும் இயந்திரத்தில் அடிப்பதே நல்லது.

வெளியிடத்து வண்டி மக்காச்சோள வயலிலிருந்து வரக்கூடும். மக்காச்சோளத்துக்கு வேகம் 13 முதல் 20 மீட்டர் வரை. கதிர்த்தண்டு நொறுங்காமல் உருண்டு போக வேண்டும் என்பதால் இடைவெளி 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை, வரிப்பட்டை டிரம்மிலும், வைக்கப்படும். கான்கேவ் கம்பிகளும் அகலமாக இருக்கும். அதே அமைப்போடு நெல்லில் இறங்கினால் கதிர் அடிபடாமலே போகும். ஆகவே வண்டி கடைசியாக எந்தப் பயிரை அறுத்தது என்பதை முதலிலேயே கேட்க வேண்டும்.

விதை நெல்லுக்குத் தனிக் கவனம்

திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்களான டி.பி.எஸ். 3, டி.பி.எஸ். 5 போன்றவற்றை விதைக்காக எடுத்து வைப்போர் இரண்டு ஆபத்துகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. வெடித்த மணி பார்வைக்கு நன்றாக இருந்தாலும் முளைப்புக் குறையும். விதைக்கான பகுதியை அறுக்கும்போது, மணி முழுமையாகப் பிரியும் அளவுக்குக் குறைந்த வேகமே போதும். இரண்டாவது, கலப்பு. முந்தைய வயலின் நெல் ஏற்றியிலும் திருகு குழாயிலும் தொட்டி மூலையிலும் தங்கியிருக்கும். அடிக்கதவுகளைத் திறந்து, வண்டியைச் சில நிமிடம் வெறுமனே ஓட்டி, பிறகு சுத்தம் செய்ய வேண்டும். அதன் பிறகும் முதலில் வரும் இரண்டு மூன்று மூட்டைகளைச் சாப்பாட்டு நெல்லாகவே ஒதுக்குவது பாதுகாப்பு.

தேய்ந்த பல்லும் பாதுகாப்பும்

நெல்லின் உமியிலும் தாளிலும் மணற்சத்து அதிகம். அதனால் பற்களின் முன்பக்கம் விரைவில் தேயும். தேய்ந்த பல்லை வைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டும் ஓட்டுநர்கள் உண்டு. இதனால் மணியும் உடையும், கதிரும் சரியாக அடிபடாது. திருகாணியில் பொருத்திய பல்லைத் திருப்பிப் போட முடியுமானால் திருப்பிப் போடலாம். புதிது போடும்போது எதிரெதிராக, ஒரே எடையில் போட வேண்டும்.

எந்தத் திருத்தமும் எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகே செய்ய வேண்டும். எஞ்சின் நின்ற பிறகும் டிரம் சிறிது நேரம் சுற்றும் என்பதை மறக்கக் கூடாது. அடைத்த தாளைக் கையால் இழுக்கக் கூடாது. தளர்ந்த சட்டையும் துண்டும் ஆபத்து. தனியாக நிறுத்தி அடிக்கும் இயந்திரங்களால் கை இழந்தோர் பலர் என்பதாலேயே 1983இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கதிர் ஊட்டும் வாய்க்கு நீண்ட மூடிய பாதை இல்லாத இயந்திரத்தில் யாரையும் வேலைக்கு நிறுத்தக் கூடாது.

ஏலாவில் கூடிச் செய்தால்

அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் தனியாகக் கேட்டால் ஓட்டுநர் வண்டியை நிறுத்தத் தயங்குவார். அடுத்தடுத்த வயல்காரர்கள் ஒரே ரகத்தை, ஏறத்தாழ ஒரே நாளில் நட்டிருந்தால் வண்டியைச் சேர்ந்து பேசலாம். முதல் வயலில் ஒரு முறை சீர்செய்து எண்ணிப் பார்த்தால் ஏலா முழுவதற்கும் அதுவே பெரும்பாலும் போதும். அதற்கான நேரத்து வாடகையையும் பகிர்ந்துகொள்ளலாம். விதைக்கான வயல் இருந்தால், வண்டி சுத்தமாக இருக்கும்போதே அதை முதலில் அறுத்துவிட வேண்டும்.

அறுத்த நெல்லைத் தொட்டியிலோ மூட்டையிலோ ஈரத்தோடு கிடத்தாமல் அன்றே உலர்த்த வேண்டும். அரசு கொள்முதலுக்கு ஈரம் 17 சதவீதத்துக்கு மிகாமல் இருப்பது பொது விதி. உடைந்த மணியும் பதரும் குறைந்த நெல் தரத்திலும் முந்தி நிற்கும்.

தமிழக அரசின் வேளாண் பொறியியல் துறை அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. உழவன் கைபேசிச் செயலியிலும் பதிவு செய்யலாம். வண்டியின் அமைப்பு பற்றிய ஐயங்களுக்கு அத்துறையின் பொறியாளர்களையும், பயிர், விதை பற்றிய ஐயங்களுக்குத் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தையும் விவசாயிகள் அணுகலாம். அறுப்பு நாள் குறிக்கும்போதே ஓரடிச் சதுரக் கம்பி ஒன்றையும் செய்து வைத்துக்கொள்வது நல்லது.